சர்க்கரையைக் குறைப்பதா, பிள்ளையை வளர்ப்பதா?

கருத்தரித்த 26ஆம் வாரத்தில், 800 கிராம் எடையோடு பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறந்த மூன்றாம் நாள் அதன் ரத்தத்தில் சர்க்கரை, 100 மில்லிலிட்டருக்கு 230 மில்லிகிராம். அப்போது நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருப்பது குளுக்கோஸ் கலந்த ஊட்டத் திரவம். அன்றைய உணவு ஏறக்குறைய முழுவதும் அதுதான். திரவத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும், கூடவே உணவும் குறையும். இன்சுலின் கொடுத்தால் உணவில் கைவைக்காமல் சர்க்கரையை இறக்கலாம். அது அளவு மீறி இறங்கிவிட்டால் மூளைக்கு ஆபத்து. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் தானாகவே சரியாகிவிடலாம், கேடும் விளையலாம்.

பெரியவர்களின் நீரிழிவைப் பார்த்துப் பழகிய வீடுகள் நம்முடையவை. சர்க்கரை கூடினால் சோற்றைக் குறைக்க வேண்டும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையிடம் இந்த அறிவு செல்லாது. வேகமாக வளர்ந்தே ஆக வேண்டிய உயிர் அது; அதன் உணவைக் குறைப்பது வளர்ச்சியைக் குறைப்பதாகும். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் ஊட்டம் தருவதும் இங்கே ஒரே வேலை. சர்க்கரையை இறக்கும் ஒவ்வொரு வழிக்கும் ஊட்டத்தில் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கணக்கிடாமல் எடுக்கும் முடிவு முழுமையாகாது. கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகள் இந்த இடத்துக்குத்தான் நம்மைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

கருப்பைக்குள் கிடைத்த சாப்பாடு

கருப்பையில் இருக்கும்வரை சர்க்கரையைச் சமன் செய்வது தாயின் வேலை. நஞ்சுக்கொடியின் வழியே குளுக்கோஸ் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். கருவின் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 முதல் 7 மில்லிகிராம் வரை அது செலவாகும். கருவின் கல்லீரல் தானாகச் சர்க்கரை தயாரிக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை. அமினோ அமிலங்களின் கதை வேறு. தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதல் செறிவில் நஞ்சுக்கொடி அவற்றைக் கருவுக்குள் செலுத்துகிறது. தசையும் மூளையும் கட்டப்படுவதற்கு அவை பயன்படுகின்றன. மிஞ்சியது எரிபொருளாகவும் ஆகிறது. இந்தக் கட்டத்தில் கருவுக்குக் கொழுப்பு மிகக் குறைவாகவே போகிறது. கருவின் உணவு புரதம் மிகுந்தது, குளுக்கோஸ் அளவானது, கொழுப்பு சொற்பமானது என்பதைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஹே பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்தார்.

கல்லீரலில் கிளைகோஜனும் தோலடியில் கொழுப்பும் சேர்வது கடைசி மூன்று மாதங்களில். அந்த மாதங்களை இழந்து பிறக்கும் ஒரு கிலோ குழந்தையின் உடலில் கொழுப்பு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். வெளியிலிருந்து எந்த ஊட்டமும் கிடைக்காவிட்டால் அதன் கையிருப்பு நான்கைந்து நாளில் தீர்ந்துவிடும். நிறைமாதக் குழந்தைக்கு அது ஏறக்குறைய ஒரு மாதம் வரும். தொப்புள்கொடி துண்டிக்கப்பட்ட நிமிடத்திலிருந்து ஊட்டம் தொடங்க வேண்டும் என்ற அவசரத்துக்கு இதுதான் காரணம்.

சர்க்கரை ஏன் ஏறுகிறது?

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றும்போது, வெளியிலிருந்து வருவதை அறிந்து கல்லீரல் தன் சொந்தத் தயாரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தையின் கல்லீரல் அதை முழுமையாக நிறுத்துவதில்லை. ஆக, சர்க்கரை இரண்டு வாசல்களில் நுழைகிறது. கணையமும் முதிராதது. இன்சுலினாக மாற வேண்டிய முன்பொருளில் ஒரு பகுதி மாறாமலேயே ரத்தத்தில் கலக்கிறது. அதன் வலிமை இன்சுலினுக்கு நிகராகாது. இன்சுலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சர்க்கரையை உள்வாங்கும் தசையும் கொழுப்பும் இந்த உடலில் மிகக் குறைவு.

இவற்றோடு சூழலும் சேர்கிறது. மூச்சுத் திணறல், கிருமித்தொற்று, வலி ஆகியவை கார்ட்டிசாலையும் அட்ரினலினையும் தூண்டி, இன்சுலினுக்கு எதிராக நிற்கச் செய்கின்றன. நுரையீரலுக்காகக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன், ரத்த அழுத்தத்துக்காக ஏற்றும் அட்ரினலின் போன்ற மருந்துகளும் சர்க்கரையை உயர்த்தும். கொழுப்புக் கரைசலை வேகமாக ஏற்றினாலும் அப்படியே. வயிற்றுக்குப் பால் போகாதபோது, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குடல் ஹார்மோன்களும் எழுவதில்லை. வாரமும் எடையும் குறையக் குறையச் சர்க்கரை ஏறும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு கிலோவுக்குக் குறைவான குழந்தைகளிடம் இது மிகச் சாதாரணம்.

எந்த அளவு அதிகம்?

எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு எதுவும் இல்லை. ஐரோப்பியக் குழந்தை மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கங்கள் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 145 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. திரும்பத் திரும்ப 180ஐத் தாண்டி, குளுக்கோஸ் ஏறும் வேகத்தைச் சரிசெய்தும் இறங்காவிட்டால் இன்சுலின் கொடுக்கலாம் என்பது அதன் நிலை. 200 அல்லது அதற்கு மேல்தான் கைவைக்க வேண்டும் என்று நடத்தும் பிரிவுகளும் உண்டு.

சர்க்கரை உயர்ந்திருந்த குழந்தைகளிடம் இறப்பு, மூளைக்குள் ரத்தக்கசிவு, விழித்திரை நோய், தொற்று ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2004 முதல் 2007 வரை ஸ்வீடனில் 27 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சர்க்கரை நீண்ட நேரம் உயர்ந்திருந்தவர்கள் ஆறரை வயதில் அறிவுத்திறன் சோதனைகளிலும் உடலசைவுச் சோதனைகளிலும் பின்தங்கியிருந்தார்கள்.

கேடு செய்தது சர்க்கரைதானா என்பது இதனால் முடிவாகிவிடாது. மிகவும் நோயுற்ற, மிகவும் முதிராத குழந்தைக்குத்தான் சர்க்கரை ஏறுகிறது. அதே குழந்தைதான் பிற ஆபத்துகளுக்கும் ஆளாகிறது. நேரடியான தீங்கும் ஓரளவு தெரிந்ததுதான். மிகுந்த சர்க்கரை சிறுநீரோடு நீரையும் உப்பையும் இழுத்துச் சென்று உடலை வற்றச் செய்யும். ஆனால் சர்க்கரை 18 மில்லிகிராம் கூடினால் ரத்தத்தின் சவ்வூடு அடர்த்தி ஓர் அலகுதான் உயரும். 180ஐ ஒட்டிய அளவுகளில் இந்த ஆபத்து சிறிது. சர்க்கரை உயர்வை நோயாக மட்டுமல்லாமல், தொற்றோ வலியோ இருப்பதைச் சொல்லும் அறிகுறியாகவும் பார்க்கச் சொல்கிறது இந்தச் சான்று. அமைதியாக இருந்த குழந்தைக்கு இரண்டாம் வாரத்தில் திடீரென்று சர்க்கரை ஏறினால், அனுபவமுள்ள மருத்துவர் தேடும் முதல் பொருள் கிருமிதான்.

பட்டினியிலிருந்து தாராளம் வரை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குறைமாதக் குழந்தைகளை வேண்டுமென்றே பட்டினி போட்டார்கள். பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்ற அச்சத்தில் ஓரிரு நாள், சில நேரம் மூன்று நாள் வரை ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். 1964இல் ஆக்ஸ்ஃபோர்டில் விக்டோரியா ஸ்மால்பீஸும் பமீலா டேவிஸும் பிறந்த சில மணி நேரத்துக்குள் நீர் கலக்காத தாய்ப்பாலைக் குழாய் வழியே கொடுத்துக் காட்டினார்கள். தாழ் சர்க்கரையும் மஞ்சள் காமாலையும் குறைந்தன. பட்டினி வழக்கம் அங்கிருந்து ஆட்டம் காணத் தொடங்கியது.

பால் குடிக்கவே முடியாத குழந்தைக்கு வழி 1968இல் பிறந்தது. பிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக்கும் டக்ளஸ் வில்மோரும் முதலில் நாய்க்குட்டிகளை நரம்புவழி ஊட்டத்தால் மட்டுமே வளர்த்துக் காட்டினார்கள். பிறகு சிறுகுடல் வளராமல் பிறந்த ஒரு குழந்தையை அதே வழியில் வளரச் செய்தார்கள். உணவு முழுவதையும் ரத்தக்குழாய் வழியாகத் தர முடியும் என்பது அன்று நிறுவப்பட்டது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குழந்தைகளை வளர்ப்பதே அந்தக் கண்டுபிடிப்புதான்.

அதன் பிறகும் முதல் நாட்களில் வெறும் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல், மட்டும் ஏற்றும் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அப்படி வைத்த குழந்தை நாள்தோறும் தன் உடல் புரதத்தையே கரைத்து இழக்கிறது என்று தெரிந்தபின், முதல் நாளே அமினோ அமிலம் தொடங்கும் வழக்கம் வந்தது. 2018 வழிகாட்டுதலின்படி முதல் நாள் ஒரு கிலோவுக்குக் குறைந்தது ஒன்றரை கிராம், இரண்டாம் நாளிலிருந்து இரண்டரை முதல் மூன்றரை கிராம். குளுக்கோஸ் முதல் நாள் நிமிடத்துக்கு 4 முதல் 8 மில்லிகிராம். பிறகு 8 முதல் 10. அமினோ அமிலம் இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதால், போதிய புரதம் பெறும் குழந்தைகளிடம் சர்க்கரை உயர்வும் குறையலாம் என்று சில ஆய்வுகள் சுட்டுகின்றன.

இதிலிருந்து, கூடுதல் ஊட்டம் என்றால் கூடுதல் நன்மை என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்தை இரண்டு ஆய்வுகள் திருத்தின. நார்வேயில் முதல் நாட்களிலேயே நரம்புவழி ஊட்டத்தைத் தாராளமாக்கியபின், ஒரு கிலோவுக்குக் குறைவான குழந்தைகளிடம் கடுமையான சர்க்கரை உயர்வும் இறப்பும் முன்பைவிடக் கூடியிருந்ததை 2015இல் வெளியான ஒரு பகுப்பாய்வு காட்டியது. அது முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு. காரணத்தை நிறுவாது, எச்சரிக்கும். 2022இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளிலிருந்து வந்த 'ப்ரோவைட்' சோதனை இன்னும் வலுவானது. ஒரு கிலோவுக்குக் குறைவான 434 குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதல் ஐந்து நாட்களில் தினம் ஒரு கிராம் அமினோ அமிலம் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஊனமின்றிப் பிழைத்தவர்களின் விகிதம் இரண்டு வயதில் உயரவில்லை. மறு ஊட்டச் சிக்கல் கூடுதல் புரதம் பெற்றவர்களிடம் அதிகமாக இருந்தது.

பஞ்சத்தில் மெலிந்தவருக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் ஆபத்து என்று மருத்துவர்களுக்குத் தெரியும். அதே நிலைதான் இங்கேயும். ஊட்டம் வந்ததும் செல்கள் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் அவசரமாக உள்ளிழுக்கின்றன; ரத்தத்தில் அவை சரிகின்றன. இன்சுலின் இந்த இழுப்பை இன்னும் வேகமாக்கும். தாராளமான புரதத்தோடு பாஸ்பேட்டும் சேர்ந்தே போக வேண்டும்; அவற்றின் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்சுலின் தந்த நம்பிக்கையும் பாடமும்

2001இல் பெல்ஜியத்தின் லூவனில் கிரீட் வான் டென் பெர்கே நடத்திய ஆய்வு, தீவிர சிகிச்சையில் இருந்த பெரியவர்களின் சர்க்கரையை இன்சுலினால் இறுக்கிப் பிடித்தால் இறப்பு குறைவதாகச் சொன்னது. சிறு குழந்தைகளிலும் அதே நன்மை கிடைக்கும் என்ற நம்பிக்கை எழுந்தது. கேம்பிரிட்ஜின் கேத்ரின் பியர்ட்சால், டேவிட் டங்கர் குழுவினர் ஐரோப்பாவின் பல மருத்துவமனைகளில் ஒன்றரை கிலோவுக்குக் குறைவான 389 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குச் சர்க்கரை உயரும் முன்பே, முதல் நாளிலிருந்து, கிலோவுக்கு மணிக்கு 0.05 அலகு இன்சுலின். 'நிர்ச்சர்' என்ற இந்தச் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது; முடிவுகள் 2008இல் வெளியாயின. சர்க்கரை உயர்வு குறைந்தது உண்மை. தாழ் சர்க்கரை 17 விழுக்காட்டிலிருந்து 29ஆக உயர்ந்தது. 28 நாளுக்குள் இறந்தவர்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் 5.7 விழுக்காடு, இன்சுலின் குழுவில் 11.9.

மறுஆண்டே, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த 'நைஸ் சுகர்' சோதனையும் இறுக்கமான கட்டுப்பாடு இறப்பைக் கூட்டுவதைக் காட்டியது. லூவன் தந்த நம்பிக்கை பெரியவர்களிடமும் தளர்ந்தது.

சர்க்கரை ஏற்கெனவே உயர்ந்துவிட்டவர்களுக்கு இன்சுலின் உதவுமா என்பது வேறு கேள்வி. ஆக்லாந்தில் ஜேன் அல்ஸ்வைலர் குழுவினர் அப்படிப்பட்ட 88 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இலக்கு 72 முதல் 108 வரை. மறுபாதிக்கு 144 முதல் 180 வரை. இறுக்கமான குழுவில் எடையும் தலைச் சுற்றளவும் நன்றாக ஏறின. ஆனால் கால் நீளம் குறைவாகவே வளர்ந்தது, தாழ் சர்க்கரையும் கூடியது. ஏழு வயதில் பார்த்தபோது ஊனமின்றிப் பிழைத்தவர்களின் விகிதத்தில் வேறுபாடு இல்லை. இறுக்கமான குழுவினர் உயரத்தில் குறைந்திருந்தார்கள். எடை ஏறுவது மட்டுமே வளர்ச்சியாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாக்கிச் சேமிக்க வைக்கும். எலும்பு நீள்வதற்கும் தசை கூடுவதற்கும் புரதம் வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ஸ்வீடன் குழந்தைகளிடம், சர்க்கரை உயர்ந்தபின் இன்சுலின் பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. எனவே இன்சுலினை ஒதுக்கிவிட முடியாது. தடுப்பு மருந்தாக எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. இயல்பான அளவுக்கு இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. வேறு வழிகள் தீர்ந்தபின், தளர்வான இலக்கோடு, நெருங்கிய கண்காணிப்பில் கொடுக்கலாம். சான்றுகள் இன்று தாங்கும் எல்லை அது.

தொட்டிலருகே எடுக்கும் முடிவு

முதலில், காட்டும் எண் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் குழாயிலிருந்தே ரத்தம் எடுத்தால் எண் பொய் சொல்லும். சிவப்பணு விகிதம் மிகக் கூடினாலும் குறைந்தாலும் கையடக்கக் கருவி தடுமாறும். ஆய்வகத்திலோ ரத்த வாயுக் கருவியிலோ உறுதிசெய்தபின் காரணத்தைத் தேட வேண்டும்: தொற்று, வலி, ஸ்டீராய்டு, கொழுப்புக் கரைசலின் வேகம்.

அடுத்தது, குளுக்கோஸ் உண்மையில் எவ்வளவு போகிறது என்ற கணக்கு. டெக்ஸ்ட்ரோஸின் விழுக்காட்டை, ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் ஏறும் மில்லிலிட்டரால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் நிமிடத்துக்கான மில்லிகிராம் வரும். பத்து விழுக்காட்டு டெக்ஸ்ட்ரோஸ் 80 மில்லி ஏறினால் 5.6. திரவ அளவை 120ஆக உயர்த்தும்போது விழுக்காட்டை மாற்றாவிட்டால், யாரும் நினைக்காமலேயே அது 8.3 ஆகிவிடும். மருந்துகளைக் கலக்கும் டெக்ஸ்ட்ரோஸ், குழாயைக் கழுவும் டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேர வேண்டும். விளங்காமல் ஏறிய பல சர்க்கரைகளுக்கு விடை இந்த மறைந்த கணக்கில் கிடைக்கும்.

பிறகு வேகத்தை ஒன்றிரண்டு மில்லிகிராமாகக் குறைக்கலாம். நான்குக்குக் கீழே போகக் கூடாது. மூளையின் தேவை அது. இதன் விலையைப் பார்ப்போம். எட்டிலிருந்து நான்குக்கு இறக்கினால், ஒரு நாளில் கிலோவுக்கு 5.8 கிராம் குளுக்கோஸ், அதாவது 20 கலோரி குறைகிறது. முதல் நாளின் முழு இலக்கே 45 முதல் 55 கலோரிதான். ஒரு நாள் இப்படி இருப்பது தாங்கக்கூடியது. ஒரு வாரம் இப்படியே போனால் குழந்தை பட்டினி கிடக்கிறது. குளுக்கோஸைக் குறைக்கும்போதும் அமினோ அமிலத்தை நிறுத்தக் கூடாது. சர்க்கரை இறங்கியதும் வேகத்தைப் பழையபடி உயர்த்த மறக்கக் கூடாது.

அப்படியும் இறங்காதபோதுதான் இன்சுலின், குறைந்த அளவில் தொடங்கி. இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் பொருள். குழாயை முன்கூட்டியே கரைசலால் நனைத்து வைக்காவிட்டால் முதல் மணி நேரங்களில் குழந்தைக்குப் போவது எண்ணிய அளவு இராது. போதவில்லை என்று அளவைக் கூட்டிய பின், சுவர் நிறைந்து முழு அளவும் போகத் தொடங்கும்போது சர்க்கரை சரியும். தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறையாவது சோதிக்க முடியாத இடத்தில் இன்சுலின் தொடங்குவது பாதுகாப்பானதல்ல.

அந்தச் சோதனைக்கும் ஒரு விலை உண்டு. 800 கிராம் குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தம் ஏறக்குறைய 70 மில்லி. குதிகாலில் குத்தும் ஒவ்வொரு முறையும் வலி, ரத்த இழப்பு. தோலடியில் பொருத்தித் தொடர்ந்து சர்க்கரையைக் காட்டும் உணரிகளைப் பியர்ட்சால் குழுவினரே 180 குழந்தைகளிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். சர்க்கரை 47க்கும் 180க்கும் இடையே இருந்த நேரம் வழக்கமான கவனிப்பில் 84 விழுக்காடு, உணரியோடு 94. நீண்டகால நன்மை இனி நிறுவப்பட வேண்டும். ஊசியின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழி என்ற அளவிலேயே இது வரவேற்கத் தக்கது.

வாரக்கணக்கில் சர்க்கரை இறங்காவிட்டால், பிறவி நீரிழிவு என்ற அரிய வாய்ப்பை நினைக்க வேண்டும். சில மரபணு மாற்றங்களில் இன்சுலின் ஊசிக்குப் பதிலாக மாத்திரையே போதும். சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மரபணு ஆய்வுகளைச் செய்துவருகிறது.

தாய்ப்பால் என்ற சிகிச்சை

இந்த வழிகள் எல்லாவற்றிலும் விலை குறைந்தது வயிற்றுக்குக் கொடுக்கும் பால். சில சொட்டுச் சீம்பாலாக இருந்தாலும் அது குடலை எழுப்புகிறது. இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோன்கள் அதோடு வருகின்றன. பால் கூடக் கூட நரம்புவழி குளுக்கோஸ் குறைகிறது. குழாய்களை முன்னதாக எடுத்துவிட முடிவதால் தொற்றுக்கான வழியும் அடைபடுகிறது. எவ்வளவு வேகமாகக் கூட்டலாம் என்பதற்கு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,804 குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான 'சிஃப்ட்' சோதனை விடை தந்தது. தினம் கிலோவுக்கு 18 மில்லி கூட்டியவர்களுக்கும் 30 மில்லி கூட்டியவர்களுக்கும் இடையே ஊனமின்றிப் பிழைப்பதில் வேறுபாடு இல்லை. வேகத்தைக் கண்டு முன்பு இருந்த அச்சத்துக்கு இப்போது காரணம் குறைவு.

தாய்ப்பால் மட்டும் இந்த எடைக்குப் போதாது. முதிர்ந்த தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய ஒரு கிராம் புரதம். கிலோவுக்கு 160 மில்லி கொடுத்தாலும் இரண்டு கிராமைத் தாண்டாது. தேவையோ மூன்றரை முதல் நான்கு கிராம். ஆகவே பாலில் செறிவூட்டும் பொடி சேர்க்கப்படுகிறது. தன் தாயின் பால் போதாதபோது அடுத்த இடம் தானமாகப் பெற்ற தாய்ப்பாலுக்கு. மும்பை சயான் மருத்துவமனையில் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தொடங்கிய பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இன்று பால் வங்கிகள் உண்டு. பெற்ற தாய்க்கு முதல் மணி நேரங்களிலேயே பால் பீய்ச்சக் கற்றுத் தரும் செவிலியரின் வேலை, இந்தச் சிகிச்சையின் மையத்தில் இருக்கிறது. தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பும் அப்படியே. குழந்தையின் வலியும் பதற்றமும் குறையும், பாலும் ஊறும்.

முடிவாக

இந்தக் கேள்வியின் நிழல் நீளமானது. குறைமாதத்தில் பிறந்த சிறுவர்களிடம் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை குறைந்திருப்பதை 2004இல் நியூசிலாந்தின் பால் ஹாஃப்மன் குழுவினர் காட்டினார்கள். முதல் வாரத்தில் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் பின்னாளின் உடலில் பதிகின்றன.

எந்த எண்ணில் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்காகக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியவை பல. அவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முதல் நாளே அமினோ அமிலமும் சீம்பாலும், எல்லாக் குழாய்களிலும் போகும் குளுக்கோஸின் கணக்கு, பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் பார்க்கும் பழக்கம், எடையோடு நீளத்தையும் தலைச் சுற்றளவையும் வாரந்தோறும் அளப்பது, இன்சுலினுக்கு எழுதிவைத்த ஒரு நடைமுறை. பெற்றோரும் 'இன்று சர்க்கரை எவ்வளவு?' என்று கேட்பதோடு 'இன்று எவ்வளவு ஊட்டம் போயிற்று?' என்றும் கேட்கலாம். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. சர்க்கரை எண்ணைப் பதிவேட்டில் எழுதும் அதே வரியில், அன்று அந்தக் குழந்தை பெற்ற புரதத்தையும் கலோரியையும் எழுதும் வழக்கம் ஒவ்வொரு பிரிவிலும் வர வேண்டும். அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர்தான் அந்தக் குழந்தைக்கு வேண்டிய முடிவை எடுக்க முடியும்.